வானவில்லும் நமது பெருமைக் கட்டுரைகளும்

இப்னு அல் ஹைதம் பற்றித் தமிழில் நம்மவர் எழுதும் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு விழுந்துவிட்டது. முதற் பந்தியில் அவர் ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல், பஸராவில் பிறப்பார். அடுத்த பந்தியில் நைல் நதியை மறிக்கப் போய், அது ஆகாத காரியம் என்று கண்டு, ஆட்சியாளர் அல் ஹாகிமுக்குப் பயந்து பைத்தியம்போல் நடிப்பார். மூன்றாவது பந்தியில் ஒரு பட்டியல்: கெமராவைக் கண்டுபிடித்தார், காற்றுமண்டலத்தின் உயரத்தை அளந்தார், வானவில்லுக்குக் காரணம் சொன்னார். கடைசியில், இதையெல்லாம் ஐரோப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றொரு பெருமூச்சு. 2015ஐ ஐக்கிய நாடுகள் சபை ஒளி ஆண்டாக அறிவித்து, 'கிதாபுல் மனாழிர்' எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆனதையும் சேர்த்துக் கொண்டாடினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு இந்த வகை இன்னும் பெருகிப்போனது. மீலாத் மலர், பாடசாலை மலர், சங்கத்தின் ஆண்டு மலர், எதைத் திறந்தாலும் ஒன்று இருக்கும்.

நான் தமிழ் படித்தவன். பௌதிகவியல் என் துறையில்லை. ஆனால் ஒரு கட்டுரை பொருளைப் பார்த்து எழுதப்பட்டதா, இன்னொரு கட்டுரையைப் பார்த்து எழுதப்பட்டதா என்று கண்டுபிடிப்பது தமிழ் வாத்தியாருக்கும் முடிந்த வேலைதான். பட்டியலில் உள்ள மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

கெமரா விஷயம் பாதி சரி. இருட்டறைச் சுவரில் ஒரு சிறு துளை இருந்தால் வெளியிலுள்ள ஒளி உள்ளே வந்து தலைகீழான உருவமாக விழும். இதை அவர் ஆராய்ந்தார். கிரகண நேரத்தில் சூரியன் பிறை வடிவமாக அப்படி விழுவதைப் பற்றித் தனி நூல் ஒன்றும் எழுதினார். ஒளி நேர்கோட்டில் செல்கிறது, வெவ்வேறு இடத்திலிருந்து வரும் ஒளிகள் துளையில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று காட்டுவதற்கு இருட்டறை அவருக்கு ஒரு கருவி. இதை விளக்கிச் சொன்னால் வாசகனுக்கு ஏதாவது கிடைக்கும். "கெமரா" என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் கைத்தொலைபேசிதான் ஞாபகத்துக்கு வரும்.

காற்றுமண்டலத்தின் உயரம் அவர் அளந்ததே இல்லை. சூரியன் மறைந்த பிறகும் அடிவானத்தில் வெளிச்சம் நிற்கும் நேரத்தை வைத்து அந்த உயரத்தைக் கணக்கிட்ட நூல் ஒன்று இலத்தீனில் உலாவியது. 1572இல் பாசல் நகரில் இப்னு அல் ஹைதமின் ஒளியியலை அச்சிட்ட ரிஸ்னர், அந்தச் சிறுநூலையும் அவர் பெயரிலேயே சேர்த்து அச்சிட்டுவிட்டார். அதை எழுதியவர் அந்தலூசியாவின் இப்னு முஆத் அல் ஜய்யானி என்று 1967இல் ஏ. ஐ. சப்ரா எடுத்துக் காட்டினார். அவரும் 11ஆம் நூற்றாண்டு முஸ்லிம் அறிஞர்தான், காழியாக இருந்தவர். ஆக, ஐரோப்பிய அச்சகம் ஒன்று செய்த பிழையைத்தான் நாம் இன்றுவரை பெருமையாகப் பிரதி செய்துகொண்டிருக்கிறோம். இப்னு முஆதுக்குச் சேரவேண்டிய பெயரை நாமே பறிக்கிறோம் என்பது அதில் இன்னும் கஷ்டமான விஷயம்.

மூன்றாவது வானவில். இதைத்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

இப்னு அல் ஹைதம் வானவில்லைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். உண்மைதான். அதில் அவர் சொன்ன காரணம் பிழை. மேகத்தை ஒரு குழியாடியைப் போல வைத்து, சூரிய ஒளி அதில் தெறித்துக் கண்ணுக்கு வருகிறது என்று கணக்குப் பண்ணினார். ஒளியை அவ்வளவு நுட்பமாகச் சோதித்த மனிதருக்கு வானவில் கைகூடவில்லை. தனித் துளி ஒன்றுக்குள் ஒளி என்ன செய்கிறது என்று பார்க்காமல் மேகத்தை முழுதாக எடுத்துக்கொண்டது காரணம். இதற்கான சாவி அவர் கையிலேயே இருந்தது என்பதுதான் ஆச்சரியம்: கண்ணாடிக் கோளம் ஒன்றுக்குள் சூரிய ஒளி புகுந்து எப்படிக் குவிந்து எரிக்கிறது என்று வேறொரு நூலில் அவர் துல்லியமாக எழுதியிருக்கிறார். இரண்டையும் அவர் இணைக்கவில்லை.

இணைத்தவர் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு கழித்து வந்த கமாலுத்தீன் அல் பாரிஸி. பாரசீகக்காரர், 1319 அளவில் வபாத்தானவர். பெரிய அறிஞர்கள் ஒளி முறிவைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்து அவருக்குத் திருப்தி வரவில்லை. உஸ்தாத் குத்புத்தீன் அஷ்ஷீராஸியிடம் போய்க் கேட்டார். தான் சிறு வயதில் ஒரு நூலகத்தில் இப்னு அல் ஹைதமின் பெரிய நூலைக் கண்டது உஸ்தாதுக்கு ஞாபகம் வந்தது. தூர இடத்திலிருந்து அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மாணவர் அதற்கு ஒரு விரிவுரை எழுதினார். அந்த விரிவுரைக்கு அவர் வைத்த பெயர் 'தன்கீஹுல் மனாழிர்'. தன்கீஹ் என்றால் களைந்து சீர்செய்தல், திருத்தம். மேதை ஒருவரின் நூலுக்கு உரை எழுதும்போது "திருத்தம்" என்று தலைப்பு வைப்பதற்கு எவ்வளவு மரியாதையும் எவ்வளவு துணிச்சலும் வேண்டும்! நமது உரையாசிரியர் மரபைப் படித்தவர்களுக்கு இது புரியும். உரையாசிரியர் மூலத்தை மறுக்கும் இடங்கள்தான் உரையில் உயிருள்ள இடங்கள்.

அல் பாரிஸி செய்தது இதுதான். மழைத்துளியைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு கண்ணாடிக் கோளத்தில் தண்ணீரை நிரப்பினால் அது ஒரு பெரிய துளி. அதை இருட்டறைக்குள் வைத்து, திறப்பு வழியாக வரும் ஒளியை அதன்மேல் விழவிட்டார். ஒளி உள்ளே நுழையும்போது ஒருமுறை வளைகிறது, பின்சுவரில் ஒருமுறை தெறிக்கிறது, வெளியேறும்போது இன்னொருமுறை வளைகிறது. இப்படி வருவது முதல் வில். உள்ளே இரண்டு முறை தெறித்து வந்தால் அதற்கு வெளியே மங்கலாகத் தெரியும் இரண்டாவது வில். அதில் நிறங்கள் மாறி நிற்கும். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் பிரைபேர்க் ஊர்த் துறவி தியோடோரிக், இவரைத் தெரியாமலே, இதே முடிவுக்கு வந்தார். இரண்டு பேருக்கும் தூண்டுகோல் இப்னு அல் ஹைதமின் நூல்தான். "நம்மிடம் திருடினார்கள்" என்ற பெருமூச்சை இங்கே எங்கே வைப்பது?

அல் பாரிஸியும் முடிவு கட்டிவிடவில்லை. நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் அவர் சொன்னது நிற்கவில்லை. ஒளியும் இருளும் கலக்கும் அளவினால் நிறம் பிறக்கிறது என்ற பழைய வழியிலேயே போனார். வெள்ளை ஒளிக்குள் நிறங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு வளைகிறது என்று காட்ட நியூட்டன் வரவேண்டியிருந்தது. ஏழு நிறம் என்பதும் நியூட்டனின் தெரிவுதான். சங்கீதத்தின் சுரங்களோடு பொருந்தட்டும் என்று ஏழாகப் பிரித்தார். வானவில்லைப் பார்த்து எண்ணினால் ஐந்தும் வரும், ஆறும் வரும். நம் பிள்ளைகள் கருநீலத்தைத் தேடி அலுத்துப்போவது அவர்களுடைய கண் பிழையல்ல.

'தன்கீஹுல் மனாழிர்' எங்கே அச்சானது தெரியுமா? தக்காண ஹைதராபாத்தில், தாஇரத்துல் மஆரிப் பதிப்பகத்தில், 1928க்கும் 1930க்கும் இடையில் இரண்டு தொகுதிகளாக. நமக்குப் பக்கத்து நாடு. நான் வாசித்த பெருமைக் கட்டுரைகள் ஒன்றில்கூட இந்தச் செய்தி இல்லை. அதே 1928இல்தான், பெப்ரவரி 28ஆம் திகதி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் கல்கத்தாவில் தன் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டார். ராமனின் கதையும் ஒரு திருத்தத்தில்தான் தொடங்குகிறது. கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதால் வருவது என்று ரேலி பிரபு சொல்லியிருந்தார். வானம் ஏன் நீலம் என்பதற்குச் சரியான காரணம் கண்டவரே அவர்தான், யார் மறுப்பார்கள்? 1921இல் கப்பலில் திரும்பி வரும்போது ராமன் ஒரு நிக்கோல் அரியத்தைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் தெறித்து வரும் ஒளியை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். ராமனைப் பற்றித் தமிழில் வரும் புகழுரைகளிலும் நோபல் பரிசு இருக்கிறது, இந்த அரியத் துண்டு இருப்பதில்லை. நோய் நமக்கு மட்டும் உரியதல்ல.

இனி மொழிக்கு வருகிறேன். வானவில் எப்படி உண்டாகிறது என்று எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஒரே விடைதான்: மழைத்துளியில் சூரிய ஒளி முறிவடைந்து நிறப்பிரிகை அடைவதால். புள்ளி முழுதாகக் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியத்தில் பார்க்கிறவன் எங்கே? சூரியன் எந்தப் பக்கம்? உள்ளே நடக்கும் தெறிப்பு எங்கே போனது? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "அப்பிடியெண்டா மத்தியானம் மழ பெய்யிற நேரம் ஏன் சேர் வானவில் இல்ல?" விடையில் உள்ள எந்தச் சொல்லும் அவனுக்குப் பதில் சொல்லாது. முறிவும் இருக்கிறது, நிறப்பிரிகையும் இருக்கிறது, வில்லைத்தான் காணோம்.

கலைச்சொல்லும் இதில் கொஞ்சம் குற்றவாளி. இலங்கையில் நாம் முறிவு என்கிறோம், தமிழ்நாட்டில் விலகல் என்கிறார்கள். நாம் தெறிப்பு என்பது அங்கே எதிரொளிப்பு. நமது அரியம் அவர்களுக்கு முப்பட்டகம். இதில் எது நல்ல தமிழ் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. முறிவு இலத்தீன் வழிச் சொல்லைப் பார்த்து ஆக்கியது; தண்ணீரில் வைத்த தடி முறிந்ததுபோல் தெரிவதற்கு அழகாகப் பொருந்தும். இப்னு அல் ஹைதமின் அரபுச் சொல் இன்இதாப், வளைந்து திரும்புதல். வானவில்லுக்கு அது இன்னும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் அங்கே கேள்வி. தெறிப்புக்கு மட்டும் என் முழு வாக்கு: தெறித்து வருகிற பந்தைப் போலவே தெறித்து வருகிறது ஒளி.

எவ்வளவு திரும்புகிறது என்பதற்கு விடை 42 பாகை. துளியின் நடுவில் விழும் ஒளி வந்த வழியே திரும்பும். நடுவை விட்டுத் தள்ளி விழ விழ, திரும்பி வரும் கோணம் கூடும். கூடிக்கொண்டே போய் 42 பாகைக்குக் கிட்ட நின்று, மறுபடி குறையத் தொடங்கும். மேலே எறிந்த பந்து உச்சியில் சற்றுத் தங்கி இறங்குவது போல, அந்தக் கோணத்தில் ஒளி நெருங்கிக் குவிகிறது. அந்த நெருக்கம்தான் வில். இதைக் கணக்கிட்டு அச்சில் தந்தவர் தெக்கார்த், 1637இல். சிவப்புக்கு 42க்குச் சற்று மேல், ஊதாவுக்கு இரண்டு பாகை குறைவு. வில்லுக்கு உள்ளே இருக்கும் வானம் வெளியே இருப்பதைவிட வெளிச்சமாக இருப்பதும் இதனால்தான். மீதி ஒளியெல்லாம் உள்பக்கம்தான் திரும்புகிறது. அடுத்த முறை வில்லை விட்டுவிட்டு அதன் உள்ளையும் வெளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோணத்தை எங்கிருந்து அளப்பது? சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து. வெயிலில் நிற்கும்போது உங்கள் தலையின் நிழல் விழும் திசை அது. சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் நிலமட்டத்துக்குக் கீழே போய்விடும். நம் நாட்டில் ஏறத்தாழ காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை சமதரையில் நிற்பவனுக்கு வானத்தில் வில் இல்லை. கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில்.

ஆனால் நோட்டன் பிரிட்ஜ் சமதரையா? இங்கே விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கும் நாட்களில் கெசல்கமு ஓயாவின் பள்ளத்திலிருந்து நீர்த்தூளி எழும்பும். வெயிலும் அடித்தால், 10 மணிக்கும் 11 மணிக்கும்கூட, மேலே நின்று கீழே பார்க்கிறவனுக்குப் பள்ளத்துக்குள் வில் தெரியும். கினிகத்தேனைப் பக்கம் அபர்டீன் நீர்வீழ்ச்சிக்குப் போனவர்களும் கண்டிருப்பார்கள். கொழும்பில் இருக்கிறவனுக்குக் கிடைக்காத பாடம் இது: வானவில் வானத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை, உயரத்தில் நின்று கீழேயும் துளிகள் இருந்தால் அது அரைவட்டமாக நிற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த மலையில் பிறந்த பிள்ளை இதைக் கண்ணால் கண்டுகொண்டே, தரைக்காரனுக்கு எழுதிய விடையை ஒப்புவிக்கிறது.

மலைப்பிள்ளைக்கு இப்படி இன்னும் நிறைய உண்டு. காலையில் லயத்து அடுப்புப் புகை, பின்னால் இருண்ட தேயிலை மலை இருந்தால் நீலமாகவும், வெளுத்த வானம் இருந்தால் பழுப்பாகவும் தெரியும். புகை ஒன்றுதான். நீலம் அதிகமாகச் சிதறி நம் பக்கம் வருகிறது, சிவப்பு நேரே ஊடுருவிப் போகிறது. தூரத்து மலை நீலமாவதும் அந்திச் சூரியன் சிவப்பாவதும் இதே கணக்கு. ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு டோர்ச் அடித்தால் வகுப்பிலேயே காட்டலாம், செலவு ஒன்றுமில்லை. பனி நனைந்த புல்லில் விழும் நம் தலை நிழலைச் சுற்றி ஒரு வெளிச்சம் தெரியும். பக்கத்தில் நிற்பவனின் தலையைச் சுற்றி தெரியாது. அவனுக்கு அவன் தலையைச் சுற்றித்தான் தெரியும். இதைக் கராமத் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்!

மஃரிபும் இந்தக் கணக்குக்குள் வரும். கடலோரத்தில் சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும்போது, உண்மையில் சூரியன் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. காற்று ஒளியை அரைப் பாகைக்குச் சற்று மேலே வளைத்துக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் ஏறக்குறைய அரைப் பாகைதான். தொழுகை நேரக் கணக்குகள் இந்த வளைவைச் சேர்த்தே செய்யப்படுகின்றன. மலைநாட்டில் சூரியன் நாலரை மணிக்கே மலைக்குப் பின்னால் போய்விடும், அது மஃரிப் இல்லை என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்இதாப் பற்றி ஒரு கட்டுரை எழுத இதைவிட நல்ல தொடக்கம் நம்மவருக்கு எது? ஆனால் நாம் நைல் நதிக்குத்தான் போகிறோம்.

பாவா ஆதம் மலை இங்கிருந்து கிட்ட. 2,243 மீற்றர். 1344இல் இப்னு பதூதா ஏறியபோது மேகங்கள் தமக்குக் கீழே கிடந்ததை எழுதியிருக்கிறார். இன்று ஏறுகிறவர்கள் உதயத்துக்காகக் கிழக்கே பார்த்து நிற்பார்கள். பிறகு ஒரு கூட்டம் திரும்பி மேற்கே மலையின் நிழலைப் பார்க்கும். நிழல் அளந்து வெட்டியதுபோல முக்கோணமாக இருக்கும். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படியல்ல. எந்த மலையுச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். மைல் கணக்கில் நீண்டு போகும் நிழலின் இரு ஓரங்களும், தூரத்தில் ரயில் தண்டவாளங்கள் ஒன்றுசேர்வதைப்போல, சேர்ந்து தெரிகின்றன.

அந்த நிழல் சில நாட்களில் இன்னொரு வேலையும் செய்யும். தரையில் படுத்திருந்தது திடீரென எழும்பி, பார்க்கிறவன் முன்னால் நிமிர்ந்து நிற்கும், பிறகு பொத்தென்று விழும். 1876இல் அபே என்ற பாதிரியார், வானியலும் தெரிந்தவர், இதற்குக் கானல்நீரைப் போன்ற காரணம் சொன்னார்: கீழே உள்ள சூடான காற்றுக்கும் மேலே உள்ள குளிர்ந்த காற்றுக்கும் இடையில் ஒளி வளைந்து முழுவுட்தெறிப்பு அடைகிறது என்று. இலண்டன் பௌதிகச் சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை, கேட்பதற்கு எடுப்பாகவும் இருந்தது. பத்து வருடம் கழித்து ரால்ப் அபர்க்ரொம்பி என்ற வானிலையாளர் தானே மலையேறிப் பார்த்தார். மூடுபனி பார்க்கிறவனுக்குக் கிட்ட வரும்போது நிழல் அதன்மேல் விழுந்து எழும்பியதுபோல் தெரிகிறது, பனி விலகினால் மறுபடி தூரத் தரைக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான். வெப்பநிலை அளவுகளைக் காட்டிக் கானல்நீர் விளக்கத்தை மறுத்தார். உச்சியின் நிழலைச் சுற்றி நிறவட்டம் ஒன்றையும் கண்டு எழுதினார். அது வானவில் அல்ல. 42 பாகை வில்லைவிட மிகச் சிறியது, பனியின் நுண்துளிகளில் ஒளி அலையாக நடந்துகொள்வதால் வருவது. தெக்கார்த்தின் கோடுகளால் அதை விளக்க முடியாது.

அபேயும் அபர்க்ரொம்பியும் காலனி ஆட்சிக் காலத்து வெள்ளைக்காரர்கள். இருந்தாலும் 'தன்கீஹ்' என்று அல் பாரிஸி சொன்னது எது என்று கேட்டால், நான் கிதாபைவிட்டு இந்த மலைக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஏனென்றால் அதை அவர்கள் போய்ச் சரிபார்க்கலாம். இப்னு அல் ஹைதமும் தொலமியின் பிழைகளுக்கென்றே 'அஷ்ஷுகூக்', சந்தேகங்கள், என்று ஒரு நூல் எழுதினவர்தான். அவர் வானவில்லில் தவறினார் என்று மலரில் எழுதினால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? நாம் எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை அங்கே அதை வாசிக்கும். அன்றைக்கு அதற்கு இப்னு அல் ஹைதம் மேல் சந்தேகம் வராது. மலரில் எழுதிய நம் மேல்தான் வரும், நாம் எழுதிய மற்றதெல்லாவற்றின் மேலும்.

மலைப் பருவம் டிசம்பர் போயாவோடு தொடங்குகிறது. உயர்தரப் பிள்ளைகள் சிலர் நல்லதண்ணி வழியாக ஏறப் போகிறார்கள். உதயத்தை விட்டுவிட்டு மேற்குப் பக்கம் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பனி கிட்ட வரும்போதுதான் நிழல் எழும்புகிறதா என்று நேரம் குறிக்கவேண்டும். நிறவட்டம் வந்தால், அது யார் தலையைச் சுற்றி நிற்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டு, ஆளுக்காள் தனித்தனியாக எழுதவேண்டும்.